துறைமுக மீனில் எதைத் தேடுவது? திருகோணமலையில் ஒரு கணினி மதிப்பீடு

மீனில் இரசாயனம் இருக்கிறதா என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் நாம் திருப்பி ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது: எந்த இரசாயனம்? ஒரு மீனை ஆய்வுகூடத்தில் கொடுத்து "இதில் இருக்கிற எல்லாவற்றையும் பாருங்கள்" என்று சொல்ல முடியாது. பிசிபி என்ற குளோரின் சேர்மம் பார்க்க ஒரு முறை, வெள்ளீயச் சேர்மம் பார்க்க வேறு முறை, புளோரின் சேர்மங்களுக்கு வேறு கருவி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காசு. கையில் உள்ள பணத்துக்கு ஒன்றிரண்டு வகைச் சோதனைதான் கட்டுப்படியாகும் என்றால், எதை முதலில் தேடுவது என்பதைத் தீர்க்காமல் எந்தச் சாம்பிளையும் எடுப்பதில் பயனில்லை.

திருகோணமலையில் இந்தக் கேள்வி கிண்ணியாப் பக்கத்து மீனவர் சங்கம் ஒன்றிலிருந்து வந்தது. துறைமுகத்து மீனில் நஞ்சு ஏறியிருக்கிறது என்று ஒரு குரல்பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றிய நேரம். எந்த நஞ்சு, எந்த மீன், எவ்வளவு என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் விற்பனை விழுந்துவிட்டது. "சேர், கடையில ஆக்கள் கேக்குது. என்ன கிடக்கெண்டு சொல்லேலுமா, ஏலாதா?" என்றார் சங்கச் செயலாளர். நானும் இறுதியாண்டு மாணவி ஒருவரும் இதை அவருடைய ஆய்வுக் கட்டுரைக்கான வேலையாக எடுத்துக்கொண்டோம். கீழே வரும் எண்கள் எல்லாம் கணித்தவை, அல்லது வேறு நாட்டு ஆய்வுகூடங்களில் அளந்தவை. திருகோணமலை மீனில் இன்னது இவ்வளவு இருக்கிறது என்று இந்தக் கட்டுரை எங்கும் சொல்லவில்லை. தயவுசெய்து யாரும் இதை வெட்டி அடுத்த குரல்பதிவாக்க வேண்டாம்.

இடமும் சந்தேகங்களும்

உட்துறைமுகம் ஆழமானது, மலைகளும் முனைகளும் சூழ்ந்தது. சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள், பக்கத்தில் விமானத்தளம். கரையோரம் சீமெந்து ஆலை, மாவு ஆலை, கப்பல்கள் வந்து நிற்கும் இறங்குதுறைகள். கொட்பேயில் மீன்பிடித் துறைமுகம். தெற்கே கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழுகிறது. கிண்ணியாவுக்கு உள்ளே தம்பலகாமக் குடா, ஆழம் குறைந்த சேற்று நீர். யன்னல் கண்ணாடி போல மெல்லிய ஓடுள்ள சிப்பியை முத்துக்காக எடுத்த இடம் அது. ஒரே மாவட்டத்தில் இத்தனை வகை நீர் இருப்பது பின்னால் கணக்கில் முக்கியமாகிறது.

இப்படிப்பட்ட துறைமுகம் உலகில் எங்கே இருந்தாலும் வழக்கமாகச் சந்தேகிக்கப்படும் பொருட்களிலிருந்து ஐந்தை எடுத்தோம். முதலாவது பிசிபி 153, பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த குளோரின் சேர்மங்களில் ஒன்று. இரண்டாவது பென்சோபைரீன்: மசகெண்ணெயிலும் புகையிலும் இருக்கிற பல வளையச் சேர்மம். 2020 செப்டம்பரில் சங்கமன்கண்டிக்கு அப்பால் நியூ டயமண்ட் கப்பல் ஏறத்தாழ 2,70,000 தொன் மசகெண்ணெயோடு எரிந்தபோது, அந்த எண்ணெய் கடலில் கலந்துவிடுமோ என்று கிழக்குக் கரை முழுக்கப் பயந்தோமே, அந்தப் பயத்துக்குள் இருந்த பொருள்களில் இதுவும் ஒன்று. மூன்றாவது டிஇஎச்பி, பிளாஸ்டிக்கை இளக்கப் போடும் தாலேட். நான்காவது டிரைபியூட்டைல்டின், சுருக்கமாக டிபிடி. கப்பல் அடியில் சிப்பியும் பாசியும் பற்றாமல் இருக்க நிறப்பூச்சில் சேர்த்த வெள்ளீயச் சேர்மம் இது. சர்வதேச உடன்படிக்கை இதை 2008 செப்டம்பரிலிருந்து தடுக்கிறது. ஆனால் அது அடிச்சேற்றில் நீண்ட காலம் கிடக்கும். ஐந்தாவது பிஎஃப்ஓஎஸ், எரிபொருள் தீயை அணைக்கும் நுரைகளில் பயன்பட்ட புளோரின் சேர்மம். எண்ணெய்த் தாங்கியும் விமானத்தளமும் இருக்கிற எந்த ஊரிலும் இந்த நுரை பற்றிக் கேட்டே ஆகவேண்டும்.

முதல் கணக்கு

ஒரு சேர்மம் நீரில் இருக்கும் செறிவைப் போல எத்தனை மடங்கு மீனின் உடலில் சேர்கிறது என்பதுதான் உயிர்ச்செறிவுக் காரணி. இதை நேரடியாக அளப்பதற்கு ஓஇசிடி 305 என்ற சோதனை முறை இருக்கிறது. தொட்டியில் மீனை விட்டு, பொதுவாக 28 நாள் இரசாயனம் கலந்த நீரில் வைத்து, அப்புறம் சுத்தமான நீருக்கு மாற்றி, இடையிடையே மீனை எடுத்து அளக்க வேண்டும். ஒரு பொருளுக்கே ஏராளம் மீன் சாகும், செலவும் பெரிது. வணிகத்தில் புழங்கும் பல்லாயிரம் இரசாயனங்களுக்கு இதைச் செய்து முடிக்க வழியில்லை. அதனால்தான் கணினி மாதிரியுருக்கள் வந்தன.

இவற்றில் பெரும்பாலானவை ஒரே எண்ணில் தொடங்குகின்றன. ஒக்டனோல் என்ற எண்ணெய்ப் பசையுள்ள மதுசாரத்தையும் நீரையும் ஒரே குடுவையில் விட்டு, சேர்மத்தைப் போட்டுக் குலுக்கி வைத்தால், நீரில் இருப்பதைப் போல எத்தனை மடங்கு ஒக்டனோலில் நிற்கிறது? அந்த விகிதத்தின் மடக்கைதான் அந்த எண். பென்சோபைரீனுக்கு 6.13. அதாவது நீரில் ஒரு பங்கு என்றால் ஒக்டனோலில் ஏறத்தாழ 13.5 இலட்சம் பங்கு. ஒக்டனோல் மீனின் கொழுப்புக்குப் பதிலாள். கொழுப்பை எவ்வளவு விரும்புகிறதோ அவ்வளவு மீனில் ஏறும் என்பது அடிப்படை எண்ணம்.

டொன் மக்கே 1982இல் கொடுத்த சமன்பாடு மிக நேரானது: ஒக்டனோல் விகிதத்தை 0.048ஆல் பெருக்கு, அவ்வளவுதான். மீன் உடம்பில் ஏறத்தாழ 5 சதவீதம் கொழுப்பு, மிச்சம் கணக்கில் இல்லை. கில்மன் வீத்தும் கூட்டாளிகளும் 1979இல் கொடுத்தது மடக்கையை 0.85ஆல் பெருக்கி 0.70 கழிக்கச் சொல்கிறது; வருவது காரணியின் மடக்கை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் எபி சூட் இலவச மென்பொருள். அதற்குள் இருக்கும் சமன்பாட்டிலும் இதேபோல மடக்கையை 0.6598ஆல் பெருக்கி 0.333 கழிக்க வேண்டும், சில மூலக்கூறு வகைகளுக்கு மேற்கொண்டு திருத்தமும் உண்டு.

மூன்றிலும் பென்சோபைரீனைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். எபி சூட்டின் அடிப்படைச் சமன்பாடு ஏறத்தாழ 5,150 என்றது. வீத் 32,400. மக்கே 64,750. ஒரே பொருள், ஒரே உள்ளீட்டு எண், விடைகளுக்கிடையே பன்னிரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். மாணவி திரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அப்ப எதைச் சேர் எழுதுறது?"

இந்தக் கேள்வி சும்மா படிப்புக்கான கேள்வி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் என்ற இரசாயனச் சட்டத்தில் காரணி 2,000ஐத் தாண்டினால் உயிரில் திரளும் பொருள், 5,000ஐத் தாண்டினால் மிக அதிகமாகத் திரளும் பொருள். நீண்ட காலம் அழியாத நச்சு இரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையும் 5,000 என்ற எல்லையையே பார்க்கிறது. 5,150 என்பது கோட்டை உரசிக்கொண்டு நிற்கும் எண். 64,750 என்றால் பேச்சே இல்லை.

அந்த நேரத்துக்கு எபி சூட்டை வைத்து ஐந்தையும் வரிசைப்படுத்தினோம். பிசிபி 153இன் ஒக்டனோல் எண் 6.92, திருத்தம் சேர்க்காமலே காரணி 17,000 சொச்சம். டிஇஎச்பிக்கு எண் 7.6. ஏழுக்கு மேல் போனால் மூலக்கூறு மிகவும் கொழுப்பு நாடியாகி மீனுக்குள் நுழைவதே சிரமமாகிறது. அதனால் எபி சூட் அங்கே சரிகிற வேறு சமன்பாட்டைப் பயன்படுத்துகிறது. அதன்படி ஏறத்தாழ 6,800. மக்கே சமன்பாட்டில் இதே பொருளுக்கு 19 இலட்சம் வரும்! மூன்றாவது பென்சோபைரீன். டிபிடிக்கு எண் 3.8 என்று வைத்தால் வெறும் 150. பிஎஃப்ஓஎஸ் அயனி என்று மென்பொருள் இனங்கண்டு மிகச் சிறிய மதிப்பைத்தான் கொடுக்கும்.

இந்த வரிசையை நம்பினால் பணத்தைப் பிசிபிக்கும் தாலேட்டுக்கும் பென்சோபைரீனுக்கும் செலவழித்துவிட்டு, டிபிடியையும் பிஎஃப்ஓஎஸ்ஸையும் விட்டுவிட வேண்டும். பிசிபியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இந்த வரிசை பிழை.

மீன் சும்மா இருப்பதில்லை

முதல் பிழை, மீனை வெறும் கொழுப்புப் பையாக நினைப்பது. மீனுக்கு ஈரல் இருக்கிறது. பென்சோபைரீன் உள்ளே போனதும் ஈரலிலுள்ள நொதியங்கள் அதில் ஒட்சிசனை ஏற்றி, நீரில் கரையக்கூடியதாக மாற்றி, பித்தத்தின் வழியே வெளியே தள்ளுகின்றன. சதையில் தங்குவது மிகக் கொஞ்சம். டிஇஎச்பியும் அப்படித்தான் உடைகிறது. மீன்களில் அளந்த அதன் காரணி ஆயிரங்களில் இல்லை, சில நூறுகளில் நிற்கிறது. பிசிபி 153இல் குளோரின்கள் உட்கார்ந்திருக்கும் விதம் நொதியத்துக்குப் பிடிகொடுப்பதில்லை, அதனால் அது உடையாமல் தேங்குகிறது. ஒக்டனோல் எண் இந்த மூன்றையும் ஒரே குடும்பமாகக் காட்டுகிறது. ஈரல்தான் பிரிக்கிறது.

உடைவது நல்லது என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. பென்சோபைரீன் உடையும்போது வரும் இடைப்பொருள்தான் டிஎன்ஏயில் ஒட்டிப் புற்றுநோயைத் தூண்டுவது. அந்த மீனுக்கு அது கேடு. ஆனால் சாப்பிடுகிறவர் தட்டுக்குச் சதையோடு வருவது குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் புதுமீன் சதைக்கு பென்சோபைரீன் உச்ச வரம்பு வைத்திருப்பதையே கைவிட்டது, மீன் அதை விரைவாக உடைத்துவிடுகிறது என்ற இதே காரணத்தால். சிப்பி, மட்டிக்கு மட்டும் வரம்பு இருக்கிறது: கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். மட்டிக்கு அந்த நொதியத் திறன் மிகக் குறைவு, உள்ளே போனது அப்படியே கிடக்கும். எண்ணெய்க் கசிவு பற்றி ஊரில் பயம் கிளம்பும்போது அறுக்குளாவையும் பாரையையும் ஒதுக்கிவிட்டு மட்டியை வாங்குகிறவர் ஆபத்தைக் குறைக்கவில்லை, கூட்டிக்கொள்கிறார்.

ஜொன் ஆர்நொட்டும் ஃபிராங்க் கோபஸும் செய்த மாதிரியுரு இந்த உடைவைக் கணக்கில் எடுக்கிறது. செவுள் வழியே உள்ளே வருவது, இரையோடு வருவது, செவுளாலும் கழிவாலும் போவது, ஈரலில் உடைவது, மீன் வளர்வதால் நீர்த்துப்போவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வீதம். எபி சூட்டிலேயே இது இருக்கிறது, பலர் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை. வரவுக்கும் செலவுக்கும் உள்ள மிச்சத்தைத்தான் அது காரணியாகச் சொல்கிறது. உடைவு வீதத்தை உள்ளே விட்டதும் பென்சோபைரீனும் டிஇஎச்பியும் கீழே விழுந்தன, பிசிபி அசையவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொல்ல வேண்டும். எபி சூட் மதிப்பிடும் உடைவு வீதம் 15 பாகை நீரில் உள்ள 10 கிராம் மீனுக்கானது. அடிப்படைத் தரவுகளில் பெரும்பகுதி குளிர்நாட்டு நன்னீர் ஆய்வுகூடங்களிலிருந்து வந்தது. நம் கடல் நீர் 28, 29 பாகை. சூட்டில் செவுள் வேகமாக ஓடும், நொதியமும் வேகமாக ஓடும், இரண்டும் ஒரே அளவில் கூடும் என்று சொல்ல முடியாது. ஐந்து கிலோ அறுக்குளாவுக்கும் பத்துக் கிராம் சோதனை மீனுக்கும் இருக்கிற தூரம் வேறு. ஆகவே பென்சோபைரீனுக்கு வந்த குறைந்த எண்ணை நான் ஓர் எண்ணாக எங்கும் எழுத விடவில்லை. "சில நூறுகள், ஆயிரங்கள் இல்லை" என்று எழுதச் சொன்னேன். நேர்மையாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

கொழுப்பைத் தேடாத இரண்டு

டிபிடியும் பிஎஃப்ஓஎஸ்ஸும் எதிர்த்திசைப் பிழை. இந்த இரண்டும் கொழுப்பை நம்பி மீனில் ஏறுவதில்லை.

பிஎஃப்ஓஎஸ் சவர்க்காரம் போல ஒரு முனை நீரையும் மறுமுனை நீரல்லாததையும் நாடும் பொருள். ஒக்டனோலும் நீரும் உள்ள குடுவையில் அது இரண்டுக்கும் நடுவே படலமாக நின்றுவிடும், அதனால் ஒக்டனோல் எண்ணை அதற்கு ஒழுங்காக அளக்கவே முடியாது. மீனுக்குள் அது போய் ஒட்டுவது புரதத்தில். ரெயின்போ ட்ரவுட் என்ற மீனில் செய்து 2003இல் வெளியான சோதனையில் ஈரலில் 5,400, இரத்தத்தில் 4,300, மிச்ச உடலில் 1,100 என்று காரணி வந்தது. ஒரே மீனுக்குள் ஐந்து மடங்கு வித்தியாசம். முழு மீனுக்கு 5,000 என்ற எல்லையை எட்டாவிட்டாலும், உணவுச் சங்கிலியின் உச்சியிலுள்ள விலங்குகளில் அது திரள்வதைப் பார்த்து 2009இல் ஸ்டொக்ஹோம் பட்டியலில் சேர்த்தார்கள். ஒக்டனோல் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் சேர்த்திருக்கவே மாட்டார்கள்.

டிபிடியும் புரதங்களில் ஒட்டுகிறது. மீன்களில் அளந்த காரணிகள் பல ஆயிரங்களில் வந்திருக்கின்றன, எங்கள் கணக்கோ 150. உலோகம் சேர்ந்த மூலக்கூறுகளை இந்தச் சமன்பாடுகள் படித்ததே இல்லை. படிக்காத பாடத்தில் கேள்வி கேட்டாலும் அவை ஒரு விடை எழுதிக் கொடுத்துவிடும், அதுதான் ஆபத்து. மிலானில் உருவான வேகா என்ற இலவச மென்பொருளில் இதற்கு ஒரு காவல் இருக்கிறது. கேட்ட மூலக்கூறு தனக்குத் தெரிந்த மூலக்கூறுகளுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று ஒரு குறியீட்டையும் சேர்த்துத் தரும். விடையைவிட அந்தக் குறியீட்டை முதலில் பார் என்று மாணவர்களுக்குச் சொல்கிறேன். கிட்டே இல்லை என்று வந்தால் விடையை வெட்டிவிட வேண்டியதுதான்.

சேறும் பருவமும்

மகாவலி பற்றிய பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கொழுப்பு நாடும் சேர்மம் நீரில் தனியே மிதப்பதில்லை, கரிமத் துகளிலும் கரைந்த கரிமத்திலும் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது செவுள் வழியே போகாது. ஆர்நொட்டும் கோபஸும் 2004இல் வெளியிட்ட சமன்பாட்டில் பிசிபி 153ஐப் போட்டோம். தெளிந்த கடல் நீருக்கு லீற்றருக்கு துகள் கரிமம் 0.5 மில்லிகிராம், கரைந்த கரிமம் 1 மில்லிகிராம் என்று வைத்தால், மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுயாதீனமாகக் கரைந்திருக்கிறது. வடகீழ்ப் பருவ மழையில் ஆறு கலங்கி வரும் காலத்துக்கு 5, 3 என்று வைத்தால் 6 சதவீதத்துக்கும் கீழே போகிறது. இந்தக் கரிம அளவுகள் நாங்கள் வைத்துப் பார்த்தவை, அளந்தவை இல்லை.

அதாவது நீரில் மொத்தமாக ஒரே அளவு பிசிபி இருந்தாலும் மார்கழியில் செவுள் வழியே ஏறுவது குறையலாம். ஆனால் அந்தத் துகள் எங்கே போகிறது? குடாவின் அடியில் படிகிறது. அதை மடவையும் கெளிறும் நண்டும் கிண்டித் தின்கின்றன. மேல்நீரில் கூட்டமாகத் திரியும் சூடையும் கீரியும் ஒரு கணக்கு, அடிச்சேற்றில் மேயும் மடவை இன்னொரு கணக்கு. நீரை மட்டும் அளந்து காரணியால் பெருக்கினால் இரண்டாவது கணக்கு முழுவதும் விடுபட்டுப் போகும். நீர்ச் சாம்பிள் ஒன்றை எடுத்துவிட்டு "குடா சுத்தம்" என்று அறிக்கை எழுதுவதை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

திருகோணமலைக்கு அப்பால் வரும் நீலத் திமிங்கிலங்களையும் இதிலேயே கணக்கிடலாமா என்று மாணவி கேட்டார். முடியாது. காற்றைச் சுவாசிக்கும் விலங்கு செவுள் வழியே எதையும் கழிக்காது. மீனில் திரளாத சில சேர்மங்கள் அவற்றில் திரளும் என்று கோபஸின் குழு 2007இல் சயன்ஸ் இதழில் காட்டியது. அதற்கு வேறு மாதிரியுரு வேண்டும்.

என்ன முடிவெடுத்தோம்

கடைசியில் சங்கத்துக்குக் கொடுத்த பரிந்துரையில் காரணிகளின் பட்டியல் இல்லை. எந்தப் பொருளை எந்த உயிரின் எந்தப் பாகத்தில் தேடுவது என்று மட்டும் எழுதினோம்.

பிசிபி முதலிடம். கொழுப்புள்ள, அடியில் மேயும் மீனில், முழு மீனாக, கூடவே அதன் கொழுப்புச் சதவீதத்தையும் அளக்க வேண்டும். கொழுப்பு அளக்காத பிசிபி எண்ணை வேறெந்த எண்ணோடும் ஒப்பிட முடியாது. பிஎஃப்ஓஎஸ் இரண்டாமிடம். சதையை மட்டும் வெட்டி அனுப்பினால் குறைத்துக் காட்டும், ஈரலையும் சேர்த்து அனுப்ப வேண்டும். மக்கள் சாப்பிடுவது சதையைத்தான் என்பதால் இரண்டையும் தனித்தனிப் பொதியில். பென்சோபைரீனை மீனில் தேடவே வேண்டாம், தம்பலகாமக் குடாவின் மட்டியில் தேடலாம். மீனில் பார்த்தே ஆகவேண்டுமென்றால் பித்தத்தில் அதன் கழிவுப் பொருளைப் பார்க்க வேண்டும். தாலேட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். சாம்பிள் கட்டும் பிளாஸ்டிக் பையிலிருந்தே அது கலந்துவிடும், வருகிற எண்ணை நம்ப வழியில்லை.

டிபிடிக்கு ஆரம்பத்தில் கருவியே வேண்டாம். பெண் கடல் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்கச் செய்வது இந்தச் சேர்மத்தின் அடையாளம். பாதிக்கப்படும் இனமாகப் பார்த்து இறங்குதுறைக் கற்களில் நத்தைகளைப் பொறுக்கி, ஓட்டை உடைத்து, உருப்பெருக்கியில் பார்த்து எண்ணினால் போதும். துறைமுகத்துக்குள் ஒரு தொகுதி, நிலாவெளிப் பக்கம் ஒரு தொகுதி. வித்தியாசம் தெரிந்தால் மட்டும் சேற்றை ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம்.

செயலாளர் இதைப் படித்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னார், அதை அப்படியே ஏற்றுக்கொண்டோம். மடவை குடாவிலேயே நிற்கும் மீன் என்று நாங்கள் எழுதியிருந்தோம். முட்டை வைக்கும் பருவத்தில் அது வெளிக்கடலுக்குப் போய்விடும், அப்போது பிடிபடுவதை வைத்துக் குடாவைப் பற்றி ஒன்றும் சொல்லக்கூடாது என்றார். மீன் எடுக்கும் மாதங்களை அவருடைய சங்கத்து ஆட்களே குறித்துத் தருகிறார்கள். பிடிக்கும் இடத்தையும் வலையின் வகையையும் பொதியில் எழுதுவது அவர்கள் பொறுப்பு. கொழுப்பு அளப்பது எங்கள் பொறுப்பு.